முழம் தப்பிய கை: ஒரு பூக்கார அம்மாவின் நிகழ்வு ஆய்வு

திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் பூ விற்கும் 56 வயது அம்மா ஒருவர் தை மாதம் என் பிசியோதெரபி மையத்துக்கு வந்தார். தண்டையார்பேட்டையில் மாடிப்படி ஏறி வர வேண்டிய சின்ன இடம் அது. மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் குனிந்து பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். மேலே வந்து உட்கார்ந்தபோது மூச்சு வாங்கவில்லை, ஆனால் முகமெல்லாம் வியர்வை. நடப்பதற்கே அவ்வளவு கவனம் செலவாகிறது என்று அந்த வியர்வை சொன்னது.

"கால் வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"வலி இருந்தாக்கூட தேவலையே டாக்டரம்மா. காலு எங்க கீதுன்னே தெர்ல."

இதே வாக்கியத்தை அதற்கு முந்தைய 14 மாதத்தில் அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் எல்லாரும் "கால் மரத்துப்போகிறது" என்று எழுதிக்கொண்டார்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் எழுதினேன். மரத்துப்போவது வேறு, இருக்கும் இடம் தெரியாமல் போவது வேறு. இந்த வித்தியாசத்தை நாங்கள் காதில் வாங்காததால் அவர் ஓராண்டுக்கு மேல் இழந்தார். அதனால்தான் இதை முழுதாக எழுதி வைக்கிறேன். அந்த அம்மாவின் சம்மதம் இருக்கிறது. பெயர் வேண்டாம் என்று இருவருமே முடிவு செய்தோம்.

அவர் சொன்ன கதை

முதலில் தப்பியது முழம். பூ விற்கிறவர்கள் முழம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சரத்தின் முனையை விரல் நுனியில் பிடித்து, கையோடு நீட்டி, முழங்கை வந்ததும் அடுத்த கையால் அந்த இடத்தைப் பிடித்து, அடுத்த முழத்துக்குப் போவார்கள். கண் வாங்குகிறவரின் முகத்தில் இருக்கும், வாய் விலை பேசிக்கொண்டிருக்கும், கை தானாக அளந்துவிடும். முழங்கை எங்கே மடங்கியிருக்கிறது, விரல் நுனி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கண் பார்க்காமலே உடம்பு அறிந்திருப்பதால்தான் அது நடக்கிறது. 30 வருஷமாகப் பூ விற்றவருக்கு அந்த அளவு ஒரு விரற்கடைகூடப் பிசகாது.

ஒரு பௌர்ணமி நாள். அன்றைக்குக் காலையில் மேலூர் திருவுடையம்மனையும், மதியம் வடிவுடையம்மனையும், சாயங்காலம் திருமுல்லைவாயல் கொடியிடையம்மனையும் ஒரே நாளில் தரிசிக்கக் கூட்டம் வரும். பூவுக்கு நல்ல வியாபாரம். வாடிக்கையாக வாங்குகிற ஒரு பெண், "இன்னாக்கா, முழம் சின்னதாயிட்ச்சே" என்றாராம். அடுத்தவருக்கு ஒன்றரை முழம் போய்விட்டது. மாலைக்குள் கணக்குப் பார்த்தால் சரம் தீர்ந்திருக்கிறது, காசு சேரவில்லை. கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டார். கொஞ்சம் சரியானதாம்! இப்போது யோசித்தால் காரணம் புரிகிறது. கண்ணாடி போட்ட பிறகு கையைப் பார்த்துப் பார்த்து அளக்க ஆரம்பித்திருக்கிறார். உடம்புக்குள்ளிருந்து வர வேண்டிய செய்தி நின்றுபோக, அந்த வேலையைக் கண் எடுத்துக்கொண்டது.

அப்புறம் செருப்பு. கோயிலிலிருந்து காலடிப்பேட்டையில் இருக்கும் வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. இது மூன்று முறை நடந்திருக்கிறது.

அப்புறம் முகம் கழுவுவது. தண்ணீரை முகத்தில் அடித்துக் கண்ணை மூடிய உடனே முன்பக்கமாகச் சாய்ந்து, குழாயில் நெற்றியை இடித்துக்கொண்டார். கண் திறந்திருந்தால் நிற்க முடிகிறது, மூடினால் விழுகிறார். வீட்டில் இதைத் தலைசுற்றல் என்றார்கள். "தலை சுத்தவே இல்லம்மா, காலுதான் காணாம பூட்ச்சு" என்றார் அவர். எவ்வளவு துல்லியமான பேச்சு!

எல்லாவற்றையும்விட அவரைப் பயமுறுத்தியது ராத்திரிதான். அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "கரண்ட் பூட்ச்சுன்னா நானும் பூட்டேன். காலு ரெண்டும் சம்மணம் போட்டுக்கினு கீற மாதிரியே இருக்கும். கையால தடவிப் பார்த்தா நீட்டிக்கினு கீது. மனசுல மடங்கிக்கினு கீது. எது நெசம்னு வெளக்கப் போட்டாத்தான் தெரியும்."

இடது கை சில நேரம் பக்கத்தில் இல்லாமல் மேலே மிதப்பது போலத் தோன்றுமாம். விரல்கள் பருத்து, உறை மாட்டிய மாதிரி இருக்குமாம். இடுப்பைச் சுற்றிப் பாவாடை நாடாவை யாரோ இறுக்கிக் கட்டியது போல ஒரு பிடிப்பு, நாடாவைத் தளர்த்தினாலும் போகாது. பூ கட்டக் குனிந்தால் கழுத்திலிருந்து முதுகுத்தண்டு வழியாக ஷாக் அடித்தது போல ஒரு ஓட்டம்.

இன்னொன்றும் நடந்தது. சன்னதியில் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கும்போது விரல்கள் தாமாக அசைந்தன. வீணை வாசிப்பது போல மெல்ல விரியும், மடங்கும். பக்கத்தில் நின்ற பெண்கள் அம்மன் வந்துவிட்டாள் என்று நினைத்தார்கள். இரண்டு பேர் குறிகூடக் கேட்டார்களாம். இவருக்கோ தன் விரல் அசைவதே தெரியவில்லை. கண்ணைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு கோயிலில் கண்ணை மூடுவதையே நிறுத்திவிட்டார். இதைச் சொல்லும்போதுதான் அழுதார்.

முன்பு பார்த்தவர்களில் ஒருவர் சர்க்கரையால் வந்த நரம்புப் பிரச்சினை என்று மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் கழுத்து எலும்பு தேய்மானம் என்று பட்டை போட்டுவிட்டார். மூன்றாமவர் மனக்கவலை என்று தூக்க மாத்திரை எழுதினார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒவ்வொருவரும் கதையில் தங்களுக்குத் தெரிந்த துண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

என்ன சாப்பிடுகிறார், என்ன மாத்திரை

கணவர் இறந்த வருஷம் வேண்டுதலாகக் கவுச்சியை விட்டார். 11 வருஷம் ஆகிறது. காசிமேட்டிலிருந்து நெத்திலியும் மத்தியும் தெருவுக்கே வரும் ஊரில் மீன் வாடையே இல்லாத சமையல். முட்டையும் கிடையாது. சளி பிடிக்கும் என்று தயிர் தொடமாட்டார். பால் என்றால் காலையும் மாலையும் டீயில் விடுவது மட்டும்தான்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 9 வருஷமாக, நாளைக்கு 2 கிராம். நெஞ்செரிச்சலுக்கு வெறும் வயிற்றில் போடுகிற கேஸ் மாத்திரை 6 வருஷமாக. அதை யாரோ ஒரு மாதத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள், இவர் கடையில் வாங்கித் தொடர்ந்துவிட்டார். ரத்தம் குறைவு என்று ஃபோலிக் அமிலமும் இரும்பும் சேர்ந்த சத்து மாத்திரையும் ஒரு வருஷமாகப் போகிறது. இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனை

முதல் நாள் நான் செய்தது போதாது. குண்டூசியால் பாதத்தில் தொட்டேன், கூர்மை தெரிந்தது. பஞ்சால் தொட்டேன், கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. கைகால் வலு நன்றாக இருந்தது. அவர் கொண்டுவந்த சீட்டில் சர்க்கரை நரம்புப் பாதிப்பு என்று எழுதியிருந்ததை அப்படியே ஏற்றுக்கொண்டு, பாதத்துக்குப் பயிற்சி சொல்லி அனுப்பினேன். 11 நாள் கழித்து மறுபடி வந்தபோதுதான் அந்தச் சம்மணக் கதையைச் சொன்னார். கேட்டதும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. உடனே படுக்க வைத்துக் கால் கட்டைவிரலைப் பிடித்தேன்.

இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். நோயாளி கண்ணை மூட வேண்டும். கட்டைவிரலை இரண்டு பக்கவாட்டிலும் பிடிக்க வேண்டும். மேலும் கீழும் பிடித்தால் அழுத்தமே விடையைச் சொல்லிவிடும். மெல்ல மேலே அல்லது கீழே சில மில்லிமீட்டர் அசைத்துவிட்டு "மேலயா, கீழயா?" என்று கேட்க வேண்டும். நன்றாக இருப்பவர் யோசிக்காமல் பத்துக்குப் பத்து சொல்லிவிடுவார். இந்த அம்மா வலது காலில் 10க்கு 4, இடது காலில் 10க்கு 5. காசைச் சுண்டிப்போட்டாலும் இவ்வளவு வரும். கணுக்காலிலும் தடுமாறினார். முழங்கால் பரவாயில்லை. கை ஆள்காட்டி விரலில் 10க்கு 6.

அந்தக் கட்டைவிரலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாரின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி, இழுத்துப் பிடித்துக்கொண்டு பூ கட்டுவது இவர் வழக்கம். நார் தளர்ந்தால் விரல் தானாகக் கொஞ்சம் நிமிர்ந்து இழுத்துக்கொள்ளும். அந்த விரலில் நாரின் தழும்பு இருக்கிறது. அந்த விரல்தான் இப்போது மேலே போகிறதா கீழே போகிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. "இது யாரு வெரலு மாதிரியோ கீது" என்றார்.

அடுத்தது பெருவிரல் தேடும் சோதனை. கண்ணை மூடச் சொல்லி, இடது கையைத் தூக்கி ஓர் இடத்தில் நான் பிடித்துக்கொண்டு, வலது கையால் இடது பெருவிரலைப் பிடிக்கச் சொன்னேன். விரலுக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தார். பிறகு தோளைத் தொட்டு, அங்கிருந்து கையைத் தடவிக்கொண்டே போய்ப் பெருவிரலைக் கண்டுபிடித்தார். இருட்டில் சுவரைத் தடவி ஸ்விட்சைத் தேடுவது போலத் தன் கையைத் தானே தேடினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மகன் எழுந்து வெளியே போய்விட்டார்.

128 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அதிர்வு கணுக்காலிலும் முழங்காலிலும் தெரியவில்லை, இடுப்பெலும்பில்தான் தெரிந்தது. காலை ஒட்டி நிற்கச் சொன்னேன். கண் திறந்தபோது லேசான ஆட்டம், மூடிய மூன்றாவது விநாடியில் சாய்ந்தார். நான் பிடித்துக்கொண்டேன். ஜெர்மன் மருத்துவர் ரோம்பெர்க் 19ஆம் நூற்றாண்டில் விவரித்த அதே அடையாளம். கைகளை நீட்டிக் கண்ணை மூடச் சொன்னதும் விரல்கள் மெல்ல நெளியத் தொடங்கின. சன்னதியில் மற்றவர்கள் பார்த்தது இதைத்தான்.

கணுக்காலில் சுத்தியால் தட்டினால் அசைவே இல்லை. முழங்காலில் தட்டினால் அளவுக்கு மேல் துள்ளியது. உள்ளங்காலில் சாவியால் கீறினேன். கட்டைவிரல் கீழே மடங்க வேண்டும், மேலே எழும்பியது. சர்க்கரையால் வருகிற நரம்புப் பாதிப்பு மட்டும் இருந்தால் இப்படி எழும்பாது. கோளாறு தண்டுவடம் வரை போயிருக்கிறது என்று அர்த்தம். முதல் நாளே கீறிப் பார்த்திருக்க வேண்டும். அந்த 11 நாளை நினைத்தால் இன்னும் எனக்கு மனம் ஆறவில்லை.

கால் எப்படிக் காணாமல் போகிறது

கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடுங்கள். தொட்டுவிட்டீர்கள். கை எங்கே இருந்தது, எவ்வளவு மடங்கியது என்று யார் சொன்னது? ஒவ்வொரு தசைக்குள்ளும் கதிர் வடிவில் சின்ன உணரிகள் இருக்கின்றன. தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று அவை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. தசைநாணில் உள்ள வேறு உணரிகள் இழுவிசையைச் சொல்கின்றன. மூட்டும் தோலும் தங்கள் பங்குக்குச் சேர்க்கின்றன. இந்தப் புலனுக்கு 1906இல் ஆங்கிலேய உடலியலாளர் ஷெரிங்டன் புரோபிரியோசெப்ஷன் என்று பெயர் வைத்தார். நான் உறுப்புநிலை உணர்வு என்று எழுதுகிறேன். நம் ஐம்பொறிகளில் தோல் என்று சொல்லாமல் மெய் என்று சொல்வதுண்டு. அந்தச் சொல்லில் இந்த உள்ளுணர்வுக்கும் இடம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். இழுவையையும் அழுத்தத்தையும் மின்சைகையாக மாற்றும் பியேசோ2 என்ற புரதம்தான் இதற்கு அடிப்படை. அதைக் கண்டறிந்த பணிக்காக ஆர்டெம் படாபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்த உணர்வை ஏமாற்றவும் முடியும். கண்ணை மூடியவரின் மேற்கையின் முன்பக்கத் தசைநாணில் அதிர்வுக் கருவியை வைத்தால், கை அசையாமலே முழங்கை நீள்வது போலத் தோன்றும் என்று 1972இல் குட்வின், மெக்லாஸ்கி, மேத்யூஸ் மூவரும் காட்டினார்கள். தசை நீள்கிறது என்ற பொய்ச் செய்தியை மூளை அப்படியே நம்பிவிடுகிறது.

சரி, செய்தியே வராவிட்டால்? அங்கே வெற்றிடம் இருக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. மூளை தன்னிடம் இருக்கும் உடம்பின் வரைபடத்திலிருந்து ஒரு நிலையை எடுத்து வைத்துக்கொள்கிறது. தோள் பக்கம் ஊசி போட்டுக் கை முழுவதையும் மரக்கவைத்தவர்களிடம் மெல்சாக், பிரோமேஜ் இருவரும் 1973இல் இதைப் பார்த்தார்கள். கை பக்கத்தில் கிடக்கும்போதே, அது மடங்கி வயிற்றுக்கு மேலே இருப்பதாக அவர்கள் உணர்ந்தார்கள். எனக்கே இது நடந்திருக்கிறது. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்ட பிறகு, என் முழங்கால்கள் இரண்டும் மடங்கி நிற்பதாகவே கடைசிவரை தெரிந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அவை நீட்டித்தான் கிடந்தன என்று நர்ஸ் சொன்னபோது நம்பவே முடியவில்லை. இந்த அம்மாவின் சம்மணமும் அதே வகைதான். வாழ்நாளில் பெரும்பகுதி சம்மணமிட்டுப் பூ கட்டியவருக்கு மூளை எடுத்து வைத்த நிலையும் சம்மணமாகவே இருந்தது என்பது என் ஊகம். நிரூபிக்க வழியில்லை.

உடம்பின் இந்த வரைபடத்தைப் பற்றி உலகத்துக்கு நிறையச் சொன்னவர் நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன். துண்டித்த கை இன்னும் இருப்பதாகவும் இறுகி வலிப்பதாகவும் உணர்கிறவர்களுக்கு, ஒரு கண்ணாடிப் பெட்டியில் நல்ல கையின் பிம்பத்தைக் காட்டி அந்த இறுக்கத்தைத் தளர்த்த முயன்றவர். அவர் மருத்துவம் படித்தது இதே வடசென்னையில், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில்தான்.

நம் அம்மாவின் கதையில் உணரிகள் கெடவில்லை, செய்தி போகும் வழிதான் கெட்டிருந்தது. உறுப்புநிலையும் அதிர்வும் தண்டுவடத்தின் பின்பகுதி வழியாக மேலே போகின்றன. வலியும் சூடும் வேறு வழியில் போகின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் அடைத்து நின்றாலும் டி.எச். ரோட்டில் பஸ் ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா, அது மாதிரி. அதனால்தான் குண்டூசி தெரிந்தது, விரல் தெரியவில்லை. வலுவும் குறையவில்லை. விரல்கள் நெளிவதற்கும் இதுவே காரணம். விரலை ஒரே இடத்தில் நிறுத்த, அது எங்கே இருக்கிறது என்று மூளைக்குத் தெரிய வேண்டும். தெரியாதபோது விரல் மெல்ல விலகுகிறது, திருத்த ஆளில்லை.

விடை

நரம்பியல் மருத்துவருக்கு நான் கண்டதை எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, வைட்டமின் பி12 பார்க்கலாமா என்று கேட்டு அனுப்பினேன். முடிவு வந்தது. பி12 அளவு ஒரு மில்லிலிட்டரில் 96 பிகோகிராம். பொதுவாக 200க்குக் கீழே போனாலே குறைபாடு என்பார்கள். ஹீமோகுளோபின் 10.4தான், பயங்கரக் குறைவு இல்லை. ஆனால் சிவப்பணுக்கள் பெருத்திருந்தன. எம்ஆர்ஐ படத்தில் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் பின்பாதியில், குறுக்குவெட்டில் குடிசைக் கூரை மாதிரி கவிழ்ந்த வடிவில் வெள்ளைத் தடம் இருந்தது. பி12 குறைவால் வரும் தண்டுவடச் சிதைவு என்று உறுதியானது.

நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது, வயருக்கு மேலே பிளாஸ்டிக் இருப்பது போல. அதைப் பழுதில்லாமல் வைத்திருக்க பி12 வேண்டும். நாளைக்குச் சுமார் 2 மைக்ரோகிராம் போதும். ஆனால் அது இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் நம்பும் அளவுக்கு இருக்கிறது, காய்கறியில் இல்லை. கல்லீரல் சில வருஷத்துக்கான சேமிப்பை வைத்திருப்பதால், உணவை மாற்றிய உடனே எதுவும் தெரியாது.

இப்போது அந்த நான்கையும் சேர்த்துப் பாருங்கள். உணவிலிருந்து வருவது ஏற்கெனவே குறைவு. உணவில் உள்ள புரதத்திலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் தேவை, கேஸ் மாத்திரை அதை அடக்கிவிட்டது. பிரிந்து வந்த கொஞ்சத்தையும் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்ச வேண்டும், நீண்ட நாள் மெட்ஃபார்மின் அதைக் குறைத்தது. நான்காவதுதான் மோசமானது. பி12 இல்லாத இடத்தில் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் ஓரளவு தேறும், நரம்புச் சிதைவு தொடரும். ரத்தம் பெரிதாகக் குறையாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மெட்ஃபார்மின் நல்ல மருந்து. இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக நிறுத்தக் கூடாது. இந்த அம்மாவுக்கும் நிறுத்தவில்லை. பல வருஷம் சாப்பிடுகிறவர்கள், அதிலும் சைவம் சாப்பிடுகிறவர்கள், பி12 அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

சிகிச்சையும் கோலமும்

மாசி முதல் வாரம் ஊசி தொடங்கியது. ஒரு வாரம் தினமும் 1000 மைக்ரோகிராம், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. கேஸ் மாத்திரையை மருத்துவர் நிறுத்தினார். கவுச்சி பற்றி யாரும் அவரிடம் பேச வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். வேண்டுதல் அவருடையது, ஊசி அந்த வேலையைச் செய்யும்.

எங்கள் பங்கு பயிற்சி. சுவிட்சர்லாந்து மருத்துவர் ஃபிரெங்கெல் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. மெதுவாக, எண்ணிக்கொண்டே, கண்ணால் பார்த்துக்கொண்டே காலைக் குறிப்பிட்ட இடத்தில் வைக்க வேண்டும். தரையில் பாதத் தடங்கள் வரைந்து பழக்குவார்கள். நான் சுண்ணக்கட்டியால் தடம் வரைந்தபோது அந்த அம்மா, "இத்த நானே போடறேன்" என்று வாங்கி, குந்தி உட்கார்ந்து, நேர்வரிசையில் கோலப் புள்ளி வைத்தார். கண்ணால் பார்த்துப் போட்டதால் புள்ளிகள் ஓரளவு நேராகவே இருந்தன. அன்றிலிருந்து புள்ளிமேல் குதிகால், அடுத்த புள்ளிமேல் குதிகால் என்று நடை. எண்ணுவது ஒன்று இரண்டு இல்லை, பூ எண்ணுவது போல இரண்டிரண்டாக.

முழத்துக்கும் ஒரு பயிற்சி வைத்தோம். சரத்துக்குப் பதிலாகக் கயிறு. முதலில் பார்த்துக்கொண்டே பத்து முழம். பிறகு கண்ணை மூடி ஒரு முழம், திறந்து எவ்வளவு பிசகியது என்று சரிபார்ப்பது. ஆரம்பத்தில் நான்கு விரற்கடை வரை தப்பியது.

வீட்டிலும் சிலவற்றை மாற்றினோம். குளிக்க பிளாஸ்டிக் ஸ்டூல். முகம் கழுவும்போது ஒரு கையின் விரல் நுனி சுவரில். சாய்ந்து தாங்க வேண்டியதில்லை, லேசாகத் தொட்டிருந்தாலே உடம்பின் ஆட்டம் குறையும். விரல் நுனி தரும் சின்னத் தகவலை வைத்து மூளை நிமிர்ந்து நிற்கிறது. பின்வாருள்ள செருப்பு. தலைமாட்டில், கரண்ட் போனால் தானாக எரியும் விளக்கு. மகன் வாங்கி வந்த அந்த விளக்குதான் முதல் மாதத்தில் எல்லா மருந்தையும்விட அவருக்கு நிம்மதி கொடுத்தது.

பயந்த நாட்களில் அவருக்கு இயன் வாட்டர்மன் பற்றிச் சொன்னேன். 1971இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும் உறுப்புநிலை உணர்வும் போய்விட்ட ஆங்கிலேயர். அது திரும்பவே இல்லை. கண்ணால் பார்த்து, ஒவ்வோர் அசைவையும் யோசித்து, நடக்கவும் வேலை செய்யவும் தானே கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் சரிந்துவிடுவார். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளைக்கும் கரண்ட் போனா பூட்ச்சா" என்றார். தான் சொல்வது உலகில் வேறொருவருக்கும் நடந்திருக்கிறது என்று கேட்டதில் முகமே மாறியது. பைத்தியம் பிடிக்கிறதோ என்ற பயம் அந்த ஒரு வருஷமும் உள்ளே இருந்திருக்கிறது, அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னார்.

பத்தாவது மாதம்

இடுப்பு நாடாப் பிடிப்பு ஐந்தாவது வாரத்தில் தளர்ந்தது. குனிந்தால் வரும் ஷாக் இரண்டு மாதத்தில் நின்றது. சம்மணம் மெல்லத்தான் விலகியது. "இப்ப பாதி மடங்கிக்கினு கீது" என்று ஒரு நாள் சொன்னார். இன்னொரு மாதம் கழித்து, கால் கிடக்கும் இடத்திலேயே தெரிகிறது என்றார். கை கால்களைவிட முன்னால் தேறியது, பெருவிரலை முதல் முயற்சியிலேயே பிடிக்கிறார். இந்த நோயில் முன்னேற்றம் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில் வருகிறது, எவ்வளவு சீக்கிரம் ஊசி தொடங்கினோம் என்பதைப் பொறுத்து மீதி நிற்கிறது. 14 மாதம் தாமதமானதால் இவருக்குக் கொஞ்சம் நின்றுவிட்டது. கால் கட்டைவிரலில் இப்போது 10க்கு 7. கண்ணை மூடி நின்றால் 20 விநாடி தாங்குகிறார். இசைக்கவை கணுக்காலில் இன்னும் தெரியவில்லை. நார் மாட்டுவதைக் கால் விரலிலிருந்து ஸ்டூல் காலுக்கு மாற்றிக்கொண்டார்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் சன்னதித் தெருவில் அவரிடம் பூ வாங்கினேன். என் முகத்தைப் பார்த்து என் மகளின் படிப்பை விசாரித்துக்கொண்டே இரண்டு முழம் போட்டார். வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன், இரண்டு முழத்துக்கும் ஒரு விரற்கடைகூட வித்தியாசமில்லை. மறுநாள் பயிற்சிக்கு வந்தபோது சொன்னேன். "கண்ண மூடிக்கினு சாமி கும்பிட்டேன், அத்தக் கேளு முதல்ல" என்றார்.